பதினோராவது இருக்கை

ஒரு கடிகாரத் தொழிற்சாலை ஒரே வாரத்தில் போர்த் தொழிற்சாலையாக மாறிவிடலாம் என்று மாஸ்கோவில் யாரோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ எழுதிவைத்திருந்தார். எழுதியதை உறையிலிட்டு, அரக்கு முத்திரை குத்தி, இயக்குநரின் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியிருந்தார்கள். ஜெர்மனியோடு போர் மூண்ட அன்று மதியம் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த எந்திரம் எங்கே நகர வேண்டும், எந்த வேலைக்கு எத்தனை பேர், மாதத்துக்கு எவ்வளவு உருப்படி, எல்லாம் அதில் இருந்தது. அந்த எந்திரங்களில் பாதி பழைய இரும்புக்குப் போய் வருஷக்கணக்காகிவிட்டது என்பது மட்டும்தான் இல்லை.

அலாரம் கடிகாரத்துக்குப் பேர்போன ஊர் அது. வோல்கா கரையில் குளிரையும் மீனையும் விட்டால் ஊருக்கு வேறு பெருமை கிடையாது. பாதி நாடு விடிகாலையில் எழுந்திருப்பது தங்களால்தான் என்று ஆண்கள் குடித்துவிட்டுச் சொல்லிக்கொள்வார்கள். அந்த ஜூன் மாதக் கடைசியில், முள் வைக்காத கடிகாரங்களை அப்படியே வாரிச் சாக்கில் கட்டிக் கிடங்கில் போட்டார்கள். போட்ட அதிர்வில் சில ஓடத் தொடங்கிவிட்டன. இரண்டு மூன்று நாட்களுக்குக் கிடங்கிலிருந்து கண்ட நேரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கடிகாரத் திட்டத்தை ரத்து செய்ய யாருக்கும் நினைவு வராததால், ஜூலை முழுக்க மாஸ்கோவின் ஒரு அலுவலகம் கடிகாரம் எங்கே என்று தந்தி அடித்தது. அடுத்த தெருவில் இருந்த இன்னொரு அலுவலகம் குண்டுச் சாமான் எங்கே என்று தந்தி அடித்தது. இயக்குநர் போர்ஃபிரி நிகனோரிச் இரண்டுக்கும் பணிவாகப் பதில் எழுதினார். எழுத எழுத அவர் தலைமுடி கொட்டியது.

கடிகாரங்களைப் பூட்டிச் சேர்க்கும் பிரிவுக்குத் தலைவி வர்வாரா இலியினிச்னா. நாற்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவள், நெடுநெடுவென்று உயரம். அவள் குரலைக் கேட்டாலே பெண்கள் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். ஜன்னல் ஓரமாக ஒரு நீள மேசை, அதில் பன்னிரண்டு இருக்கைகள், பன்னிரண்டு பெண்கள். முதல் இருக்கையில் வெறும் தகடாகத் தொடங்குவது பன்னிரண்டாவது இருக்கையில் கடிகாரமாக எழுந்திருக்கும். பதினோராவது எண்ணெய்க்காரியின் இருக்கை. ஒரு கண்ணாடிக் குப்பி, நுனி தட்டிய ஒரு ஊசி. மூடி போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் கடுகளவு எண்ணெய் விட வேண்டியது அவள் வேலை.

அந்த இருக்கையில் இருந்தவள் லூஷா, வர்வாராவின் தம்பி இக்னாத்தின் மனைவி. சின்ன வயதில் இடுப்பெலும்பு பிசகி, ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். நின்று செய்யும் வேலை எதுவும் அவளால் ஆகாது. மற்ற இருக்கைகளின் வேகத்துக்கும் அவள் விரல் ஓடாது. எண்ணெய் மட்டும் விடுவாள், ஒரு சொட்டு கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே. இக்னாத் முதல் வாரத்திலேயே போர்முனைக்குப் போய்விட்டான். லூஷாவும் அவளுடைய ஐந்து வயது மகள் நியூராவும் வர்வாராவும் தொழிற்சாலைக் குடியிருப்பில் ஒரே அறையில் இருந்தார்கள்.

புதிதாகச் செய்ய வந்த சாமானுக்கு ஒன்பதாம் எண் என்று பெயர். அது என்ன என்று கேட்கக் கூடாது, தெரிந்திருக்கவும் கூடாது. மோர்ட்டார் பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகுகிற சின்னப் பித்தளைக் கிண்ணம் என்பது காவலாளியின் ஆட்டுக்குக்கூடத் தெரிந்துதான் இருந்தது. உள்ளே ஒரு சுருள்வில், ஒரு முள். குண்டு தரையில் மோதியதும் முள் பாய்ந்து குத்த வேண்டும். குத்தினால் வெடிக்கும். ஆனால் முழுப் படமும், ரகசியப் போலீஸின் ஆட்கள் இருந்த சிறப்புப் பிரிவின் பூட்டிய அறையில் இருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளவள் துண்டு மட்டும்தான் கொடுத்தார்கள். சாமான் எங்கே போகிறது, எந்தக் குளிரில் கிடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் யாரும் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை. மேசையில் உட்கார்ந்தவர்களுக்கோ அதைப் பற்றிப் பேசவே உரிமை இல்லை.

ஜூலையில் ஒரு நாள் தொழில்நுட்பப் பிரிவிலிருந்து ஒரு இளைஞன் பணியிடப் பட்டியலோடு வந்தான். பட்டியலில் மாஸ்கோதான் கையெழுத்துப் போடும். ஆளைக் குறைப்பதானால் இப்போதே கோடு போட்டு அடிக்க வேண்டும், அப்புறம் ஒரு வருஷத்துக்கு அதைத் தொட முடியாது. அவன் ஒவ்வொரு இருக்கையாகப் படித்துக்கொண்டே வந்தான்.

"பதினொண்ணு, எண்ணெய். இது வேணுமா அக்கா? படத்துல எண்ணெய் பத்தி ஒண்ணும் போடலையே."

வர்வாரா திரும்பிப் பார்த்தாள். லூஷா ஊசியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கை போனால் தொழிலாளி ரொட்டி அட்டை போகும். பாதி ரொட்டிதான் வரும், அதையும் குழந்தையோடு பங்கு போட வேண்டும்.

"வேணும்" என்றாள் வர்வாரா.

அதை முழுப் பொய் என்று சொல்ல முடியாது. கடிகாரப் படத்திலும் எண்ணெய் பற்றி ஒரு நாளும் ஒரு வரி போட்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை எதற்குப் போடுவார்கள்? சுருள்வில் இருக்கிற எதற்கும் எண்ணெய் வேண்டும் என்று பதினைந்து வயதிலிருந்து அவள் கைக்குத் தெரியும். எண்ணெய் விடாமல் ஒரு வில்லை மூடிவைப்பது அவளுக்கு முகம் கழுவாமல் தெருவில் இறங்குவது மாதிரி. அன்றைக்கு அவள் தன் தம்பி பெண்டாட்டிக்கு ஒரு உதவி செய்தாள், தொழிலுக்கும் நேர்மையாக இருந்தாள். இரண்டும் ஒரே சொல்லில் முடிந்ததில் அவளுக்குத் திருப்திதான். அந்த இளைஞன் பட்டியலில் ஒரு குறி போட்டுவிட்டுப் போனான். அக்டோபரில் அவனையும் படைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இருக்கை இருந்தது, அதனால் ஆள் இருந்தாள். ஆள் இருந்தாள், அதனால் எண்ணெய் விட்டாள். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அந்த மேசையிலிருந்து போன ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் கடுகளவு எண்ணெய் போயிற்று.

ஜனவரியில் கேப்டன் யெலாகின் வந்தான். சாமானைச் சோதித்து வாங்கும் அதிகாரியாக அவனைப் போர்முனையிலிருந்து நேராக அனுப்பியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். பனி கடித்து ஒரு காது கருத்திருந்தது, இடது கையில் இரண்டு விரல் இல்லை. இயக்குநர் அறையில் பிரிவுத் தலைவர்கள் எல்லாரையும் கூட்டச் சொன்னான். மூலையில் சிறப்புப் பிரிவின் ஆள் தொடைமேல் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எல்லாக் கூட்டத்திலும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார், வாயே திறக்க மாட்டார்.

யெலாகின் இரண்டு கிண்ணங்களை எடுத்தான். ஒன்றை ஜன்னலின் சின்னக் கதவைத் திறந்து வெளிவிளிம்பில் வைத்தான். வெளியே மூச்சு விட்டால் மூக்கு மயிர் உறையும் குளிர். இன்னொன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"டீ குடுங்க, குடிச்சு முடிக்கிற வரைக்கும் அது வெளிய இருக்கட்டும்" என்றான்.

கேரட்டை வறுத்துப் போட்ட டீயைக் குடித்தார்கள். பிறகு அவன் சட்டைக்குள் இருந்ததை எடுத்து, அடியில் ஒரு தகரத் துண்டை வைத்து, மேசையில் ஓங்கிக் குத்தினான். தகரத்தில் சுத்தமாக ஒரு ஓட்டை. வெளியில் இருந்ததை எடுத்துக் குத்தினான். தகரம் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை குத்தினான். அப்போதும் அப்படியேதான்.

"எங்க பசங்க இதைச் சுட்டுட்டு எண்ணிக்கிட்டு இருப்பாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. ஒண்ணுமே கேக்காது. உருளைக்கெழங்கு போட்ட மாதிரி பனியில போய்ப் படுத்துக்கும். அந்தப் பக்கத்துக்காரன் திருப்பிச் சுடுவான். அவனோடது வெடிக்கும்."

அவன் கோபமாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வர்வாரா கிண்ணத்தை வாங்கித் திருகிப் பிரித்தாள். யாரும் சொல்லாமலே கை தானாகப் பிரித்தது. மூக்கருகே கொண்டுபோனாள். முப்பது வருஷமாக அவள் விரலில், பாவாடையில், தலையணையில் இருக்கும் வாசனை. முள்ளைச் சுற்றி எண்ணெய் மெழுகாக இறுகியிருந்தது. காரணம் பிடிபட்டுவிட்டது என்ற சந்தோஷத்தில் அவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

"எண்ணெய்தான். எண்ணெய் ஒறஞ்சிருக்கு."

"இதுக்குள்ள எண்ணெய் எதுக்கு?" என்று கேட்டான் யெலாகின்.

அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. மூலையில் இருந்தவர் தொப்பியை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். பெட்ரோல்ல கழுவுங்க, காயவெச்சுக் குடுங்க. கிடங்குல கெடக்கறது எல்லாத்தையும் கழுவிக் குடுத்தாப் போதும்" என்றான் யெலாகின்.

அவனுக்கு அது போதும். மற்றவர்களுக்குப் போதாது.

மறுநாள் காலை போர்ஃபிரி நிகனோரிச் வர்வாராவைத் தனியாகக் கூப்பிட்டார். பருத்த மனிதர். போர் வந்த பிறகு சட்டை அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் அவரும் அதே மேசையில் ஐந்தாவது இருக்கையில் பல்சக்கரம் பூட்டியவர்.

"யார் சொல்லி எண்ணெய் விட்டாங்கன்னு கேட்டிருக்காங்க" என்றார்.

"நான்தான் சொன்னேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து தன் நாற்காலிக்குப் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்குக் காது கொஞ்சம் மந்தம். தெரியும்ல உனக்கு?"

"போர்ஃபிரி நிகனோரிச், அந்தப் பையன் வந்து பதினொண்ணு வேணுமான்னு கேட்டான். வேணும்னு சொன்னது நான். லூஷாவுக்கு என்ன தெரியும்? உக்காருன்னேன், உக்காந்தா. விடுன்னேன், விட்டா."

"சரி. போய்ச் சொல்லு அங்க. சொன்னா என்ன ஆகும்னு நான் சொல்லட்டுமா?"

பாதி எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒருத்தி பண்ணினா அதுக்குப் பேரு கவனக்குறைவு. வருஷக்கணக்குல போடுவாங்க. போனவ என்னைக்காவது திரும்பி வருவா. ரெண்டு பேர் சேந்து பண்ணினா அது கூட்டு. அதுலயும் யாரு? நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும், ஒரே ரூம்ல படுக்கறவங்க. கூட்டுக்கு வருஷக்கணக்கு கெடையாது வர்வாரா. செவுத்தோரமா நிக்க வெச்சுச் சுட்டுருவாங்க. அவளையும் சேத்துத்தான்."

"உண்மையச் சொன்னா அவளை விட மாட்டாங்களா?"

"யாரை விட்டாங்க இதுவரைக்கும்? நீ பாத்திருக்கியா?" அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் பேரு வந்தா என் பேரு வரும். என் பேரு வந்தா அந்தப் பட்டியல்ல கையெழுத்துப் போட்ட மாஸ்கோக்காரன் பேரு வரும். அதை எழுதறதுக்கு எவனுக்கு தைரியம் இருக்கு? அவங்களுக்கு வேண்டியது மேல ஏறாத பேரு. லூஷா பேரு ஏறாது. எங்க எழுதினாங்களோ அங்கயே நிக்கும்."

"இதை அவளுக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகச் சொல்றீங்களா?"

அவர் எழுந்து நின்றார். ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். அங்கே பெண்கள் பெட்ரோல் பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாசக் கடைசிக்குள்ள மொத்தத்தையும் கழுவிக் குடுக்கணும். புதுசாவும் செய்யணும். நீ இல்லாட்டி எனக்கு யாரு இருக்கா? எண்ணெய்க்காரி இல்லாம நான் ஓட்டிருவேன். எனக்காகவும்தான் சொல்றேன். அதனால அது பொய்யாயிருமா?"

வர்வாரா எழுந்து முற்றத்துக்குப் போனாள்.

சாயங்காலம் அறையில் லூஷா உருளைக்கிழங்குத் தோலை வதக்கிக்கொண்டிருந்தாள். தொழிற்சாலை முழுக்க விஷயம் பரவியிருந்தது. அவள் பயந்த மாதிரியே தெரியவில்லை. நியூரா கரித்துண்டால் தரையில் பூனை வரைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு ஜெர்மன்காரன் மெடல் குடுப்பானாம், நம்ம மேசை லிதா சொல்றா. பொண்ணுங்க எல்லாம் சிரிச்சு சிரிச்சு அழுதுட்டாங்க."

"அவ வாயில புண்ணு வர."

"சும்மா விளையாட்டுக்குத்தான். கேக்கட்டும், எனக்கு என்ன? சொன்னதைச் செஞ்சேன். நீங்கதானே வேணும்னு சொன்னீங்க, அந்தப் பையன்கிட்ட. அதை ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு." அவள் கரண்டியோடு திரும்பினாள். "சொல்லிருவீங்கல்ல?"

"சொல்றேன்" என்றாள் வர்வாரா.

லூஷா வாணலியை இறக்கி வைத்து, தோலில் கருகாத பாகமாகப் பார்த்து எடுத்து வர்வாராவின் தட்டில் வைத்தாள். எப்போதும் செய்வதுதான். அன்றைக்கு வர்வாரா அதை நியூராவின் தட்டுக்குத் தள்ளினாள்.

மறுநாள் காலை வாசலில் காவலாளி எல்லாருடைய நுழைவுச் சீட்டையும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். லூஷாவுடையதை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"நீ கொஞ்சம் ஓரமா நில்லும்மா" என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல்.

பின்னால் வரிசை நெருக்கியது. சங்கு ஊதப்போகிறது. இருபது நிமிஷம் தாமதித்தால் வழக்கு. வர்வாரா நின்றாள், யாரோ முதுகில் தள்ளினார்கள்.

"அக்கா," லூஷா கூப்பிட்டுச் சொன்னாள், "நியூரா பூட்ஸை அடுப்பு மேல காயப்போட்டேன், திருப்பிப் போடாம வந்துட்டேன். கருகிரும். யாரையாவது அனுப்புங்க."

"சரி" என்றாள் வர்வாரா. வெளியில் வைத்து அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

அந்த வாரம் முழுக்க முற்றத்தில் பெட்ரோலில் கிண்ணங்களைக் கழுவினார்கள். உள்ளே கழுவினால் தீப்பிடிக்கும் என்று கொட்டும் பனியில் கழுவினார்கள். பெண்களின் கை வெடித்து ரத்தம் வந்தது. யெலாகின் மூன்று விரல் கையோடு கூடவே நின்று கழுவினான். இரண்டாம் நாள் அவன் வர்வாராவைக் கேட்டான்.

"கால இழுத்து இழுத்து நடப்பாங்களே, அந்தம்மா எங்க?"

வர்வாரா சொன்னாள். அவன் கையிலிருந்த கிண்ணத்தைப் பெட்ரோலுக்குள்ளேயே விட்டுவிட்டான்.

"நான் எண்ணெய் வேண்டாம்னுதானே சொன்னேன். ஆள் வேண்டாம்னா சொன்னேன்?"

அவன் இயக்குநரிடம் போனான், அங்கிருந்து சிறப்புப் பிரிவுக்குப் போனான். அங்கே கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. திரும்பி வந்ததும் மறுபடி கழுவ ஆரம்பித்தான். அதற்கப்புறம் அவன் பெண்களிடம் யாருடைய பெயரையும் கேட்கவில்லை.

வர்வாராவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, நன்றாகச் சூடேற்றிய அடுப்பு. குளிரிலிருந்து வந்தவளுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. இதமாக இருந்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. விசாரணை அதிகாரி சளி பிடித்த மனிதர், அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். லூஷாவையும் அழைத்து வந்து எதிரே உட்கார வைத்தார்கள். அவள் முகம் சிறுத்துப்போயிருந்தது. வர்வாராவைப் பார்த்ததும் மலர்ந்தது. வேலை முடிந்து கூட்டிப்போக வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"படத்துல எண்ணெய் விடணும்னு இருந்ததா?" என்று அதிகாரி வர்வாராவைக் கேட்டார்.

"இல்ல."

"விட்டது யாரு?"

வர்வாரா வாயைத் திறக்குமுன் லூஷாவே சொன்னாள்: "நான்தாங்க."

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி பொண்டாட்டி" என்றாள் வர்வாரா.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவளை நன்றாகப் பார்த்தார். போர்ஃபிரி நிகனோரிச் சொன்ன அந்தச் சுவர் அவர் கண்ணில் இருப்பதாக வர்வாராவுக்குத் தோன்றியது. நிஜமாகவே இருந்ததா, அவள் பயந்து பார்த்ததால் தெரிந்ததா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"எண்ணெய் விடச் சொல்லி யாராவது இவங்களுக்குச் சொன்னாங்களா?"

லூஷா வர்வாராவைப் பார்த்தாள். அவசரப்படவே இல்லை. அக்கா சொல்வாள், தொண்டையைச் சரிசெய்துகொள்கிறாள் என்று காத்திருந்தாள். அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது. சொன்னால் இவளும் சாவாள் என்று மனசு ஒரு பக்கம் சொன்னது. நீ சாவாய் என்றுதானே பயப்படுகிறாய் என்று இன்னொரு பக்கம் சொன்னது. இரண்டில் எது தன் குரல் என்று கண்டுபிடிப்பதற்குள் நேரம் போய்விட்டது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

லூஷாவின் முகத்தில் ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. காத்திருந்த பார்வை மட்டும் மெல்ல இறங்கி, மேசையில் வந்து நின்றது.

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் விட்டேன். பழக்க தோஷம்" என்றாள்.

பிறகு வர்வாராவைப் பார்க்காமலே கேட்டாள்: "கருகிருச்சா?"

"இல்ல. நேரத்துக்குத் திருப்பிட்டாங்க" என்றாள் வர்வாரா. ஒரு பூட்ஸ் கருகிப்போயிருந்தது. லூஷாவுக்கு அவள் கடைசியாகக் கொடுத்தது அந்தப் பொய்தான்.

பத்து வருஷம் போட்டார்கள். வடக்கே எங்கோ மரம் வெட்டும் முகாம் என்று கேள்வி. ஒரு காலை இழுத்து நடப்பவளை மரம் வெட்ட அனுப்புகிற நாட்டில், அவள் பத்து வருஷம் கழித்து வருவாள் என்று போர்ஃபிரி நிகனோரிச்சே நம்பியிருக்க மாட்டார். இக்னாத்திடமிருந்து கடிதம் வந்தபோதெல்லாம், லூஷாவுக்கு வேலை அதிகம், கைக்கு ஓய்வில்லை என்று வர்வாரா பதில் எழுதினாள். நியூரா முதலில் தினமும் கேட்டாள், பிறகு எப்போதாவது கேட்டாள். ஒற்றைக் கால் கருகிய பூட்ஸில் துணியைத் திணித்துக்கொண்டு அவள் முற்றத்தில் நடக்கும்போது அந்தக் கால் லேசாக இழுத்தது. வர்வாரா ஜன்னலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

பிப்ரவரியில் தொழிற்சாலை திட்டத்தைத் தாண்டிக் கொடுத்ததற்காகச் சிவப்புக் கொடி கிடைத்தது. போர்ஃபிரி நிகனோரிச் மேடையேறிக் கொடியை வாங்கினார். வர்வாராவின் பெயரையும் வாசித்தார்கள். எழுந்து நின்றாள். கை தட்டினார்கள்.

பதினோராவது இருக்கை பட்டியலில் அப்படியேதான் இருந்தது. வருஷத்துக்கு நடுவில் அதைத் தொட முடியாதே. காலியாக விட்டால் தொழிற்சாலைக்கு வரும் சம்பளப் பணத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று, மார்ச் மாதம் அதற்கு ஒரு ஆளை அனுப்பினார்கள். ஃபைனா என்று பெயர். ஜெர்மன்காரர்கள் முற்றுகையிட்டிருந்த லெனின்கிராட்டிலிருந்து உறைந்த ஏரியைத் தாண்டித் தப்பி வந்தவள். பட்டினியில் கால் இரண்டும் வீங்கியிருந்தன, எலும்பின் மேல் மேல்சட்டை தொங்கியது. பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.

"நான் என்ன செய்யணும் அம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உக்காருங்க" என்றாள் வர்வாரா.

எண்ணெய்க் குப்பி காய்ந்துபோய் மேசையில் இருந்தது. ஃபைனா அதைத் துடைத்தாள், ஊசியைத் துடைத்தாள், கிண்ணங்கள் அடுக்கிய தட்டு வரும்போது அடுத்த இருக்கைக்கு நகர்த்தினாள். மதியம் ரொட்டியை மூன்று துண்டாக்கி, ஒன்றைத் தின்று இரண்டைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டாள். அறையில் ஒரு தங்கச்சி படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். வர்வாரா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆற்றில் பனி உடைகிற சமயத்தில் புதிய தொழில்நுட்ப ஆள் வந்தான். பணியிடப் பட்டியலை மாஸ்கோ ஒருவழியாகத் திருத்தச் சொல்லியிருந்தது. அவன் மேசை ஓரமாக நடந்து ஒவ்வொரு இருக்கையாகப் படித்தான். சின்ன வயதுதான், காதுக்குப் பின்னால் பென்சில்.

"பதினொண்ணு, எண்ணெய்." அவனுக்கே சிரிப்பு வந்தது. "எண்ணெயே விடறதில்லைன்னாங்களே. ஆனா தட்டு நகத்த, தொடைக்கன்னு யாராவது வேணும்னா வெச்சுக்கலாம். வேற பேரு போட்டுக்கறேன். நீங்க சொல்லுங்க, வேணுமா?"

ஃபைனா ஊசியைக் கையில் பிடித்தபடி திரும்பி வர்வாராவைப் பார்த்தாள். மற்ற பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு சொல்தான். வர்வாராவுக்கு அது வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சொல்லை முன்பு சொல்லி அவள் ஒருத்திக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்திருந்தாள். அது போய் நின்ற இடமும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வேண்டாம்" என்றாள்.

அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஒரு கோடு போட்டான். ஃபைனா ஊசியை ஒரு தடவை துடைத்துக் குப்பியின் பக்கத்தில் நேராக வைத்தாள். கைக்குட்டை மூட்டையை எடுத்துக்கொண்டாள். வீங்கிய காலோடு, பெஞ்சைப் பிடித்துப் பிடித்துக் கதவு வரைக்கும் நடக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று.

"வேலையப் பாருங்க" என்றாள் வர்வாரா. பெண்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். தட்டு பத்தாவது இருக்கையிலிருந்து நேராகப் பன்னிரண்டாவதுக்குப் போயிற்று.